திரையில் எனக்கு மட்டும் ஒன்றும் தெரிவதில்லை

கேள்வி: ஐயா, நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பகுதியைச் சேர்ந்த நான்காம் ஆண்டு மருத்துவ மாணவி. எங்கள் குழுவினருக்கு வார்ட்டில் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் பழகும் வாய்ப்புக் கிடைத்தது. மூன்று முறை போனேன். சாம்பல் நிறப் புகையைத் தவிரத் திரையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னுடன் படிக்கும் ஒருவர், உடலில் வைத்துப் பார்க்கும் கைப்பகுதியான புறோப்பை வைத்த உடனேயே சிறுநீரகத்தைக் காட்டினார். என் முறை வந்தபோது அந்த வயதான அம்மா, "என்ன மகள், வயித்துக்க என்ன தெரியுது?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அதற்குப் பிறகு போகவில்லை. இறுதிப் பரீட்சையில் இதைப் பெரிதாகக் கேட்பதில்லை, பிஜி (பட்டமேற்படிப்பு) செய்யும்போது படித்துக்கொள்ளலாம் என்று சீனியர் அக்காமார் சொல்கிறார்கள். எனக்கு இதில் ஆர்வமில்லை போலிருக்கிறது. இல்லாத ஆர்வத்தை எப்படி வரவழைப்பது? வேளாண்மை வெட்டி முடிந்ததும் கைக்கு அடக்கமான ஸ்கான் கருவி ஒன்றை வாங்கித் தருவதாக அப்பா சொல்கிறார். அதை வாங்கினால் ஆர்வம் வருமா?

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கியும், பீடத்தையும் ஆட்களையும் அடையாளங்காட்டக்கூடிய விபரங்களை நீக்கியும் மேலே தந்திருக்கிறேன். சுருக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். ஆர்வமில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது இரண்டே வரிகள். அந்த அம்மா கேட்ட கேள்வியையும், நீங்கள் நின்ற நிலையையும், பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பதையும் எழுதியிருப்பது ஒரு முழுப் பக்கம். ஆர்வமற்ற ஒருவர், மாதங்கள் கழிந்த பின்னரும் இவ்வளவு நுணுக்கமாக ஒரு விடயத்தை நினைவில் வைத்திருக்கமாட்டார். உங்களைத் தடுத்து நிறுத்தியிருப்பது வெட்கம் என்றே எனக்குப் படுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாவிக்கு அப்பாலிருந்து உயர்தரத்தில் சித்தியடைந்து மருத்துவ பீடத்துக்குப் போகும் ஒரு பிள்ளை, பள்ளிக்கூட வாழ்க்கை முழுவதும் வகுப்பின் முன்வரிசையில் இருந்தே பழகியிருக்கும். வாசித்தால் விளங்கும், விளங்கினால் எழுதலாம், எழுதினால் புள்ளி வரும் என்ற வழியில் அதுவரை எல்லாம் நடந்திருக்கும். வாசித்து விளங்கிய பின்னரும் கை மறுக்கும் முதல் வேலை ஒன்று, அதுவும் நான்கு பேர் பார்த்திருக்கும் இடத்தில் வரும்போது, "இது எனக்குச் சரிவராது" என்று சொல்வதைவிட "இதில் எனக்கு ஆர்வமில்லை" என்று சொல்வது மனதுக்கு இலகுவாக இருக்கிறது. நானும் அப்படிச் சொன்னவன்தான். அதைப் பின்னால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புகையைப் பற்றிப் பேசுவோம். ஏனெனில், திரையில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பது விளங்காதவரை, அதை உங்கள் இயலாமை என்றே நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். உயர்தரப் பௌதிகவியலில் எதிரொலியைப் படித்திருப்பீர்கள். வயிற்றுப் பரிசோதனைக்குப் பயன்படும் வளைந்த முகமுடைய புறோப், ஏறத்தாழ 2 முதல் 5 மெகாஹேட்ஸ் மீடிறனுடைய ஒலித்துடிப்புக்களை உடலுக்குள் அனுப்பிவிட்டு, அவை தெறித்துத் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மென்னிழையத்தில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 1540 மீற்றர் என்று வைத்துக்கொண்டு, எதிரொலி திரும்பிவர எடுத்த நேரத்திலிருந்து ஆழத்தை இயந்திரம் கணக்கிடுகிறது. ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப, ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 13 பங்கு நேரம் எடுக்கும். மட்டக்களப்பார் எதற்கெடுத்தாலும் தங்கள் வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனை இழுத்துக்கொண்டு வருவார்கள் என்ற பழியை ஏற்றுக்கொண்டே இதைச் சொல்கிறேன்: நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கும் பழக்கம் நம்மூரில் இருந்தது. துடுப்பை நீருக்கு மேலே ஒரு சாண் உயர்த்திப் பிடித்தால் ஒன்றும் கேட்காது. நீருக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள எல்லையில் ஒலியின் பெரும்பகுதி தெறித்துத் திரும்பிவிடுவதே காரணம். வயிற்றிலும் இதுவே நடக்கிறது. ஜெல் போதாமல் புறோப்புக்கும் தோலுக்கும் இடையில் காற்று நின்றாலும், புறோப்புக்குக் கீழே வாயு நிறைந்த குடல் கிடந்தாலும், அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. விலா எலும்பின் மேல் வைத்தால் பின்னால் கறுப்பு நிழல் விழும்.

ஆகவே, நீங்கள் பார்த்த புகை பெரும்பாலும் அந்த அம்மாவின் குடல் வாயுவாக இருந்திருக்கும். உங்கள் நண்பருக்குக் கிடைத்தவர் மெலிந்த இளைஞராக இருந்திருக்கலாம்; அல்லது அவர் அதற்கு முன்னர் பத்துப் பேரையாவது பார்த்திருக்கலாம். சிறுநீரகத்தை முன்பக்கம் தொப்புளுக்கருகில் தேடுவதுதான் எல்லா மாணவரும் செய்யும் முதற்பிழை. வலது பக்கம், அக்குள் நடுவிலிருந்து நேர்கீழே வரும் கோட்டில், கடைசி விலா எலும்புகளுக்கு இடையே, புறோப்பின் அடையாளக்குறி நோயாளியின் தலைப்பக்கம் இருக்கத்தக்கதாக வையுங்கள். ஈரல் ஒலியை நன்றாகக் கடத்தும்; அதையே யன்னலாக வைத்துக்கொண்டு பின்னால் பார்த்தால் சிறுநீரகம் கிடைக்கும். மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொன்னால், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகடு ஈரலையும் சிறுநீரகத்தையும் கீழே தள்ளிக்கொண்டுவந்து உங்களுக்குக் காட்டும். ஆழத்தை அளவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆழம் அதிகமாக வைத்திருந்தால் நீங்கள் தேடும் உறுப்பு திரையின் மேல்மூலையில் சுண்டுவிரல் நகம் போலக் கிடக்கும். இவற்றை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால், உங்கள் மூன்றாவது நாள் வேறுவிதமாக முடிந்திருக்கும்.

மூன்று நாட்கள் என்ற எண்ணிக்கையையும் சற்று யோசியுங்கள். அவசர சிகிச்சை மருத்துவர்களுக்கான அமெரிக்கக் கல்லூரியின் வழிகாட்டல், ஒவ்வொரு வகை ஸ்கானிலும் அடிப்படைத் தேர்ச்சி பெறுவதற்கு, தரம் சரிபார்க்கப்பட்ட 25 முதல் 50 வரையான பரிசோதனைகளை அளவுகோலாகக் கொள்கிறது. இது ஏற்கெனவே வைத்தியராக இருப்பவர்களுக்கான கணக்கு. நீங்கள் மூன்று செய்துவிட்டு உங்களைப் பற்றித் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள்.

இனி ஆர்வத்துக்கு வருவோம். மனிதருக்குள் ஊக்கம் எவ்வாறு உண்டாகிறது என்பதை நீண்டகாலம் ஆராய்ந்த எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் றையன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், மூன்று தேவைகள் நிறைவேறும் இடத்தில்தான் ஒரு வேலையின் மீது உள்ளிருந்து ஈடுபாடு வளரும் என்று கூறினார்கள். இதைச் செய்வது என் தெரிவு என்ற உணர்வு, என்னால் இது முடிகிறது என்ற உணர்வு, இதில் எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு ஆகியனவே அவை. உங்கள் மூன்று நாட்களை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். குழுவாகப் போகச் சொன்னதால் போனீர்கள். எந்த நோயாளியை, எதற்காகப் பார்ப்பது என்பதை நீங்கள் தெரிவு செய்யவில்லை. முடிகிறது என்று உணர்வதற்கு ஒரு சிறு வெற்றிகூட அமையவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் துணையாக இல்லாமல் பார்வையாளராக இருந்தார்கள். மூன்றும் இல்லாத இடத்தில் ஆர்வம் வராததில் வியப்பில்லை. வந்திருந்தால்தான் நான் வியந்திருப்பேன்.

பரீட்சையில் கேட்பதில்லை என்று அக்காமார் சொல்வதை நான் இகழமாட்டேன். உள்ளகப் பயிற்சி நியமனமே இறுதிப் பரீட்சைத் தரவரிசைப்படி அமையும் நாட்டில், புள்ளி தராத வேலைக்கு நேரம் ஒதுக்குவது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். ஐக்கிய அமெரிக்காவில் தென் கரோலினாப் பல்கலைக்கழகம் 2006ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பட்டப்படிப்பின் நான்கு ஆண்டுகளிலும் அல்ட்ராசவுண்டைச் சேர்த்துக்கொண்டது. அங்கே படிக்கும் மாணவருக்கு உங்களுக்கு இருக்கும் இந்தக் கேள்வி இல்லை. இருந்தாலும் பரீட்சைக்காக வரும் ஊக்கத்தில் ஒரு குறை இருக்கிறது: பரீட்சை முடிந்த அன்று பின்னேரமே அது ஆளைவிட்டுப் போய்விடும். பிஜி செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை. பட்டம் பெற்ற பின்னர் ஓராண்டு உள்ளகப் பயிற்சி இருக்கிறது. அதன் பிறகு கல்முனையிலோ, அக்கரைப்பற்றிலோ, வாழைச்சேனையிலோ, களுவாஞ்சிகுடியிலோ, அல்லது அதைவிடச் சிறிய ஒரு பிரதேச வைத்தியசாலையிலோ நீங்கள் வேலை செய்யப்போகும் ஆண்டுகள் இருக்கின்றன. பிஜி அதற்கும் அப்பால் இருக்கிறது. எல்லோருக்கும் அது கிடைப்பதுமில்லை. இடைப்பட்ட இந்த ஆண்டுகளில், கதிரியக்க நிபுணர் வீட்டுக்குப் போன பின்னரும் நோயாளிகள் வந்துகொண்டிருப்பார்கள்.

நான் சொல்வதாக ஒப்புக்கொண்ட கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். மாணவனாக இருந்தபோது ஸ்கான் என்றால் ஒதுங்கிவிடுவேன். எனக்கு அது பிடிக்காது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். உள்ளகப் பயிற்சிக் காலத்தில், மாரி மழை ஓய்ந்து டெங்கு பரவும் நாட்களில், பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் வார்ட்டில் இருந்தான். ஐந்தாம் நாள், காய்ச்சல் விட்டிருந்தது. தாயார் சந்தோஷமாகக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். குருதிச் சிறுதட்டுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கை ஓர் இலட்சத்துக்குக் கீழே இறங்கியிருந்ததால் எனக்கு அந்தச் சந்தோஷத்தில் பங்குகொள்ள முடியவில்லை. டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சலில், காய்ச்சல் தணியும் நேரத்தை ஒட்டித்தான் குருதிக்கலன்களிலிருந்து திரவம் கசிந்து நெஞ்சறையிலும் வயிற்றிலும் சேரத் தொடங்குகிறது. அந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலங்கள் நீடிக்கிறது. அது எப்போது தொடங்கியது என்பதைச் சரியாகக் கணித்தால்தான் எவ்வளவு சேலைன் கொடுப்பது, எப்போது குறைப்பது என்பதைத் தீர்மானிக்கலாம். குறைவாகக் கொடுத்தால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போவார். கூடுதலாகக் கொடுத்தால் கசிந்த நீர் திரும்பிவரும்போது சுவாசப்பைகள் நிறைந்துவிடும். இவை அனைத்தையும் நான் எழுத்துப் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியிருந்தேன். நள்ளிரவில் தொலைபேசியில் எங்கள் வைத்திய நிபுணர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "வலது பக்கம் நீர் இருக்கிறதா?" இயந்திரம் வார்ட்டின் மூலையில் இருந்தது. அதை இழுத்து வந்து, போட்டு, புறோப்பை வைத்தேன். புகை. பத்து நிமிடம் தேடிவிட்டு, "தெரியவில்லை, சேர்" என்றேன். வேறு வழியின்றி அவர் உடைமாற்றிக்கொண்டு, மழைக்குள் அரை மணித்தியாலம் வண்டியோட்டி வந்து, இருபது செக்கன்களில் பார்த்துவிட்டு, "இருக்கிறது" என்றார். பையன் பிழைத்துக்கொண்டான். இயந்திரத்திலும் குறையில்லை, அங்கு இருந்தவர்களிலும் குறையில்லை; குறை என் கையில் இருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. புறோப்பை என் கையில் தந்து, தன் கையை அதன்மேல் வைத்து, திரையில் முள்ளந்தண்டைக் காட்டினார். வழமையாக முள்ளந்தண்டின் வெள்ளைக்கோடு பிரிமென்றகட்டோடு நின்றுவிடும்; அதற்கு மேலே காற்று நிறைந்த சுவாசப்பை ஒலியை மறித்துவிடுவதே அதற்குக் காரணம். நெஞ்சறையில் நீர் இருந்தால் ஒலி அதற்குள்ளால் போய்வரும். முள்ளந்தண்டின் கோடு பிரிமென்றகட்டையும் தாண்டி மேலே ஓடும். ஈரலுக்கு மேலே ஒரு கறுத்த முக்கோணம், அதன் பின்னால் தொடர்ந்து ஓடும் அந்தக் கோடு. நிமிர்ந்து நின்று எடுத்த நெஞ்சு எக்ஸ்-கதிர்ப் படத்தில் நீர் தெளிவாகத் தெரிவதற்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றராவது சேரவேண்டும். ஸ்கானில் அதைவிடக் குறைவான நீரையும் காணலாம். அன்றைக்கு நான் பார்த்தது ஒரு விரலகல முக்கோணம். அதற்குப் பிறகு, டெங்கு என்று எழுதிய கட்டிலை அந்த முக்கோணத்தைத் தேடாமல் கடந்து போக என்னால் முடியவில்லை. எனக்கு இயந்திரத்தின் மீது காதல் வந்துவிடவில்லை, இன்றும் கிடையாது. அந்தப் பையனுக்கு நீர் இருக்கிறதா என்ற கேள்வி என்னுடையதாகியிருந்தது, அவ்வளவுதான். 2017ஆம் ஆண்டு இந்த நாட்டில் 186,101 பேர் டெங்கு என்ற சந்தேகத்தில் பதிவானபோது, அந்த ஒரு கேள்வியை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவும் நேரமிருக்கவில்லை.

அல்ட்ராசவுண்டை மகப்பேற்று மருத்துவத்துக்குக் கொண்டுவந்த இயன் டொனால்டும் இப்படித்தான் தொடங்கினார். கிளாஸ்கோவில் மகப்பேற்றுப் பேராசிரியராக இருந்த அவருக்கு, வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் கட்டி திடமானதா, நீர் நிறைந்ததா என்பதைக் கத்தி வைக்காமல் அறியவேண்டும் என்ற கேள்வி இருந்தது. உலோகத்தில் வெடிப்புப் பார்க்கும் கருவி பக்கத்துக் கொதிகலன் தொழிற்சாலையில் இருப்பதை அறிந்து, 1955ஆம் ஆண்டு, சத்திரசிகிச்சையில் அகற்றிய கட்டிகளைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மாட்டிறைச்சித் துண்டு ஒன்றையும் வைத்திருந்தார்கள். தோமஸ் பிறவுண் என்ற இளம் பொறியியலாளரும் ஜோன் மக்விக்கார் என்ற வைத்தியரும் சேர்ந்துகொள்ள, 1958இல் அவர்களுடைய கட்டுரை லான்செற் இதழில் வெளிவந்தது. அதில் வரும் நோயாளிகளில் ஒரு பெண்ணுக்கு, சத்திரசிகிச்சைக்கு எட்டாத இரைப்பைப் புற்றுநோய் என்று முடிவு கட்டியிருந்தார்கள். இவர்களுடைய கருவியில் அது நீர்க்கட்டியாகத் தெரிந்தது. சூலகத்திலிருந்து வளர்ந்த அந்தக் கட்டியை அகற்ற, அவர் குணமடைந்தார். அன்றைய கருவி காட்டிய படத்தோடு ஒப்பிட்டால் நீங்கள் பார்த்த புகை மிகத் தெளிவான படம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஆகையால், ஆர்வம் வந்த பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். கேள்வியோடு போங்கள். நீங்களே கைவைத்துப் பரிசோதித்த ஒரு நோயாளியைத் தெரிவு செய்யுங்கள். ஈரல் வீங்கியிருக்கிறது என்று கைக்குப் பட்டால், எத்தனை விரலகலம் என்பதை எழுதிவைத்துக்கொண்டு ஸ்கானில் பாருங்கள். வலது நெஞ்சின் அடியில் தட்டும்போது மந்தமாகக் கேட்டால், அங்கே நீர்தானா என்று பாருங்கள். உங்கள் கையின் கணிப்பைத் திரை சரியென்று சொன்னாலும், பிழையென்று சொன்னாலும், இரண்டும் உங்களுக்கு இலாபம். எனக்குத் தெரிந்த அளவில், மாணவரின் வயிற்றுப் பரிசோதனையைத் திருத்துவதற்கு இதைவிட நேர்மையான ஆசிரியர் இல்லை.

ஒரே ஓர் இடத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்: வலது மேல் வயிறு. ஈரல், வலது சிறுநீரகம், இரண்டுக்கும் இடையில் மொறிசன் பை என்று சொல்லப்படும் இடைவெளி, மேலே பிரிமென்றகடு, அதற்கப்பால் நெஞ்சறை. டெங்கில் நீர் சேர்வதும் இங்கேதான். வாகன விபத்திலோ யானை தாக்கியோ வயிற்றுக்குள் குருதி கசிந்தால் படுத்திருப்பவருக்கு முதலில் தேங்கும் இடங்களில் ஒன்றும் இதுதான். கருப்பைக்கு வெளியே தங்கிய கர்ப்பம் வெடித்துக் குருதி பெருகினால் அதுவும் இங்கே ஏறிவரும். இதயம், கர்ப்பம், பித்தப்பைக் கற்கள், காலின் நாளங்கள் எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம். இந்த ஒரு யன்னலுக்குள் இருபத்தைந்து தடவை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

முதல் பத்தும் நோயற்றவர்களாக இருக்கட்டும்; வழமையானது எப்படியிருக்கும் என்று தெரியாமல் நோயைத் தேடுவதால்தான் புகை தெரிகிறது. தோழிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம். ஆண்களும் பெண்களும் கலந்த குழுவில் வயிற்றைத் திறந்து காட்டுவது நமது பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் சங்கடம் என்பதை நீங்களும் எழுதியிருந்தீர்கள். அது நியாயமான சங்கடம். பெண்கள் மட்டுமாக மூன்று நான்கு பேர் சேர்ந்து, கட்டிலைச் சுற்றி மறைப்புத் திரையை இழுத்துவிட்டு, ஆசிரியரின் அனுமதியோடு செய்யுங்கள். உங்களோடு ஒரு சிங்கள மாணவி இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்ற மூன்று சொற்களை அவர் உங்களிடம் கற்றுக்கொள்வார், கிராமத்து நோயாளியிடம் அது அவருக்கு உதவும். தொடங்குவதற்கு முன்னர் ஓர் ஒப்பந்தம் இருக்கட்டும்: தோழியின் பித்தப்பையில் எதிர்பாராமல் ஒரு கல் தெரிந்தால் அதை அவரிடமும் ஆசிரியரிடமும் மட்டுமே சொல்வது, ஹொஸ்டலில் பேசுவதில்லை.

இயந்திரம் எப்போதும் நோயாளிகளுக்குத் தேவைப்படுவதால் கைக்குக் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. இதற்கு நான் கண்ட வழி, இயந்திரமே தேவைப்படாத ஒரு பயிற்சி. கதிரியக்கப் பிரிவில் நிபுணர் ஸ்கான் செய்யும் வேளையில் பின்னால் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு நோயாளியின் கோரிக்கைப் படிவத்தையும் வாசித்து, என்ன தெரியப்போகிறது என்பதை அவர் புறோப்பை வைக்கும் முன்னரே கொப்பியில் எழுதிவிடுங்கள். பிறகு அவர் சொல்வதைப் பக்கத்தில் எழுதுங்கள். சும்மா பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு அரை மணித்தியாலத்தில் கொட்டாவி வரும். முன்கூட்டியே எழுதிவைத்தவருக்குத் தன் கணிப்பு சரியா என்று அறியும் வரை கண் திரையைவிட்டு விலகாது. ஊக்கத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரு கொப்பியும் பேனையும் செய்யும் இந்த வேலைக்கு அவை ஈடாகாது என்பது என் சொந்த அபிப்பிராயம். வாரத்தில் இரண்டு தடவை, இருபது நிமிடம் போதும். நீண்ட நேரம் ஒரே நாளில் நிற்பதைவிட, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போவதே கைக்குப் படியும்.

இனி அந்த அம்மாவின் கேள்வி. "வயித்துக்க என்ன தெரியுது?" என்று கேட்டால் சொல்லவேண்டிய பதில் உங்களிடம் அன்றே இருந்தது: "நான் இன்னும் படிக்கிற பிள்ளை அம்மா, பழகுறதுக்காகப் பார்க்கிறன், உங்கட முடிவைப் பெரிய டொக்டர்தான் சொல்லுவார்." இதைப் புறோப்பை வைத்த பிறகு சொல்லாமல், வைக்கும் முன்னரே சொல்லி, சம்மதமா என்று கேட்டுவிட்டால், அவரும் எதிர்பார்க்கமாட்டார், நீங்களும் விழிக்கமாட்டீர்கள். நம்மூர்த் தாய்மார் படிக்கிற பிள்ளைக்கு மறுப்பது அரிது. மறுத்தால் அது அவருடைய உரிமை. எதுவும் தெரிந்தாலும்கூட, மேற்பார்வை செய்யும் வைத்தியரிடம் சொல்லாமல் நோயாளியிடம் சொல்லிவிடாதீர்கள். "கல் இருக்கிற மாதிரி" என்று மாணவி ஒருவர் சொன்ன அரை வாக்கியத்தோடு வீட்டுக்குப் போய், இரவெல்லாம் நித்திரையின்றி இருந்த நோயாளியை எனக்குத் தெரியும். கர்ப்பிணித் தாய்மாரில் தனியே பழக வேண்டாம். அல்ட்ராசவுண்டில் எக்ஸ்-கதிரைப் போன்ற கதிர்வீச்சு இல்லையென்றாலும், அது இழையத்தைச் சிறிதளவு சூடாக்கக்கூடியது. தேவைக்கு மேல் நேரத்தையும் வலுவையும் கூட்டக்கூடாது என்பது உலகெங்கும் கடைப்பிடிக்கும் விதி. அதோடு, ஆணா பெண்ணா என்ற கேள்வியும் அங்கே வரும்; அதற்குப் பதில் சொல்லும் இடத்தில் நீங்கள் இல்லை.

இருபத்தைந்து முடிந்த பின்னரும் இதில் மனம் ஒட்டவில்லையென்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். உளமருத்துவத்துக்கோ சமுதாய மருத்துவத்துக்கோ போகும் ஒருவர் நாள்தோறும் புறோப் பிடிக்கவேண்டியதில்லை. அப்போது எடுக்கும் முடிவு, கையால் செய்து பார்த்து எடுத்த முடிவாக இருக்கும்.

கடைசியாக, அப்பா வாங்கித் தருவதாகச் சொல்லும் கருவி. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் பொருத்திப் பார்க்கும் அந்தச் சிறு கருவிகள் நல்லவைதான். ஆனால் அவற்றுக்குப் பல இலட்சம் ரூபாய் வேண்டும், சிலவற்றுக்கு ஆண்டுதோறும் சந்தாவும் கட்டவேண்டும், பழுதானால் திருத்துவது இலகுவில்லை. பெரும்போக வேளாண்மையின் வருமானம் என்னவென்று, வெள்ளத்திலும் வரட்சியிலும் அது என்ன ஆகும் என்று, என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவ்வளவு பணம் போட்டு வாங்கிய கருவி மேசையில் இருக்கும்போது, அதைத் தொடாத ஒவ்வொரு நாளும் அப்பாவுக்குக் கடன்பட்டவர் போல உணர்வீர்கள். ஏற்கெனவே இருக்கும் வெட்கத்தோடு அதுவும் சேரும். மேலும், பக்கத்தில் திருத்துவதற்கு ஒருவர் இல்லாமல் அறையில் தனியே பழகினால், பிழையான பிடியே கையில் ஊறிவிடும். வார்ட்டில் இருக்கும் பழைய பெரிய இயந்திரத்திலேயே தொடங்குங்கள். அப்பா கேட்டால், உள்ளகப் பயிற்சி முடிந்து முதல் சம்பளங்கள் வந்த பிறகு பார்ப்போம் என்று சொல்லுங்கள். அதுவரைக்கும் ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்கித் தந்தால் போதும்.